அண்ணன் வீட்டுக் காபி

பெங்களூரிலிருந்து அண்ணன் வாங்கி வந்த மைசூர்பாக்கைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எதிர் வீட்டில் பவர்லூம் ஓட்டுகிறவர்களுக்குக் கொடுத்தேன், இஸ்திரி போடுகிறவருக்குக் கொடுத்தேன், எனக்கும் அவளுக்கும் பேச்சே இல்லாத கோடி வீட்டுக்காரியைக்கூட வாசலில் நின்று கூப்பிட்டுக் கொடுத்தேன். "எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லியாம். மூள சுத்தமா கீதாம்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். அண்ணன் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

என்ன ஒன்றுமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு மறதி நோய் இருக்கிறது. கிழவயதில் வருகிற மறதி இல்லை. தலையில் நரை விழுவதற்கு முன்னாலேயே வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். அப்பாவின் அப்பாவுக்கு வந்தது, அத்தைக்கு வந்தது, பிறகு அப்பாவுக்கு வந்தது. அப்பாவுக்கு அது எப்படி வந்தது என்பதுதான் வேடிக்கை.

அப்பாவுக்கும் எங்கள் பங்காளி ஒருவருக்கும் ஒரு சுவர் விஷயமாகப் பகை. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய சண்டை அது. அந்த ஆள் எதிரே வந்தால் அப்பா காறித் துப்புவார். அவர் வீட்டுச் சாவுக்கும் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் தறியை விட்டு எழுந்து நேராக அந்த வீட்டுக்குள் போய், கூடத்தில் உட்கார்ந்து, "மோர் இருந்தா குடும்மா, வெயில் தாங்கல" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மா வெலவெலத்துப் போய் மோர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு, பங்காளியின் தோளைத் தட்டிவிட்டு வந்து மறுபடி தறியில் உட்கார்ந்துகொண்டார்.

தெருவே புகழ்ந்தது. "இன்னா இருந்தாலும் பெரிய மனுஷன்யா, எறங்கி வந்தாரு பாரு" என்றார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அவர் மன்னித்துவிட்டதாக எல்லோரும் நினைத்தோம். அவருக்குச் சண்டையே ஞாபகத்தில் இல்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதுதான் முதல் அறிகுறி. நாங்கள் அதைப் பாயசம் வைத்துக் கொண்டாடிவிட்டோம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஜல்தியாக நடந்தது. புடவைக் கரைக்கு வைத்த பட்டு நூலைப் புடவை உடலில் ஓட்டினார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகிற வழியைக் கேட்டார். என்னைப் பார்த்து, "யாரும்மா நீ, எந்த ஊரு, சாப்டியா" என்றார். செய்வினை என்றார்கள், பித்தம் என்றார்கள், கட்டாத தாயத்து இல்லை. அவர் போன பிறகுதான், அம்மாவை வேறு எதற்கோ வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டப் போன இடத்தில், ஒரு டாக்டர் குடும்பக் கதையைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். ஒரே வயதில் மூன்று பேருக்கா என்று திருப்பிக் கேட்டார். இது பரம்பரையாக வருகிற அல்சைமர் நோயாக இருக்கலாம், பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்க்கிறார்கள், போங்கள் என்றார்.

போனோம். அண்ணனும் நானும். எங்களுக்கு ஒரு தங்கையோ தம்பியோ இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அங்கே உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள். அப்பாவின் உடம்பில் ஒரு பழுதான மரபணு இருந்திருக்கலாம். அது பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம், பூவா தலையாதான். வந்திருந்தால் அப்பாவுக்கு வந்த வயதை ஒட்டி நோய் வரும். ஆனால் மறதி தொடங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே மூளையில் ஒரு புரதம் படிய ஆரம்பித்துவிடும், அதை ஸ்கேனில் பார்க்கலாம், ரத்தத்தில் மரபணுவையும் பார்க்கலாம். ஆள் கணக்காக நெய்துகொண்டு, சிரித்துக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு இருக்கும்போதே உள்ளே அது படிந்துகொண்டிருக்கும் என்றார்கள்.

தெரிந்துகொள்ள விருப்பமா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. "எனக்குத் தெரிஞ்சே ஆவணும்" என்றேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். எனக்கு இருந்தால் அவளுக்கும் பூவா தலையா. அதைத் தெரியாமல் நான் எப்படி அவளுக்கு ஒரு கல்யாணம் பேசுவது, என் தலை சரியாக இருக்கும்போது எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது? தெரியாமல் இருப்பது நிம்மதி என்று சொல்கிறவர்கள் அப்பாவுக்குச் சோறு ஊட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கையில் ஊசி போட்டு, மருந்து மூளைக்கு ஏறட்டும் என்று ஓர் அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு குழாய்க்குள் தள்ளி, தலையை அசைக்கக் கூடாது என்றார்கள். அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் கர்ப்பிணிகள் பக்கத்தில் உட்காராதீர்கள், உடம்பில் கதிர் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஏறினாள், நான் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணனும் என் கூடவே எழுந்து வந்தான். "பயப்படாத, நான் கீறேன் இல்ல" என்று சொல்லி ஜன்னலோரம் எனக்கு விட்டான்.

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. வேறு எந்த ஊர்க்காரியும் செய்யமாட்டாள், தறிக்காரி மட்டும்தான் செய்வாள். ஆஸ்பத்திரியில் போன் நம்பர் கேட்டார்கள், நான் அண்ணன் நம்பரைச் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அண்ணன் நம்பர்தான். தறி ஓடும்போது போன் அடிப்பது காதில் விழாது, எதிர் வீட்டு பவர்லூம் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலே கேட்காது. கேட்டாலும் எழுந்திருக்க முடியாது. நானும் என் கணவரும் கோர்வைப் புடவை நெய்பவர்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டு பேர் ஒரே தறியில் உட்கார்ந்து நூல் ஓட்டுகிற இரண்டு நாடாவையும் இழைக்கு இழை கோத்துவிட வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அண்ணன் அப்படியில்லை. கடையில் இருப்பவன், தறிக்காரர்களுக்குப் பட்டும், தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும் கொடுத்துப் புடவை வாங்குகிறவன். கேஸுக்கு அவன் நம்பர், ரேஷனுக்கு அவன் நம்பர், மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கும் அவன் நம்பர். அவன்தான் யாரையாவது அனுப்பி, "கேஸ் வருதாம், வூட்ல இரு" என்று சொல்லுவான். அதில் நான் ஒரு நாளும் குறை கண்டதில்லை. மூளைக்கும் அதே நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரிசல்ட் வந்திருக்கிறது, இருவரும் நேரில் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்குப் போன் வந்திருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. பட்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனான். தங்கச்சி மனசு மாறிவிட்டாள், தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிறாள், பயந்த சுபாவம், அவளுக்குப் பதில் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். நானா பயந்த சுபாவம்? எங்கள் தெருவில் போய்க் கேளுங்கள். ஆனால் அண்ணன் வந்து தங்கைக்காகப் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? சொல்லிவிட்டார்கள். அவனுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து மைசூர்பாக்கு வாங்கியிருக்கிறான். பட்டு வாங்கப் போன இடத்தில் ஆஸ்பத்திரியிலும் கேட்டுவிட்டேன், ரெண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்து சொன்னான்.

நான் படவேட்டு அம்மனுக்கு வேண்டியிருந்தேன். மறு வாரமே போய்ப் பொங்கல் வைத்தோம். அண்ணன், அண்ணி, என் கணவர், மகள் எல்லோரும் வந்தார்கள். அண்ணன் இலையைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டான், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான். வாய் எப்படி மென்றதோ தெரியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஆனால் இலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஏதோ மேடு தெரியும். முதலில் வேலை மாறியது. "கோர்வைக்கு ஆர்டர் இல்லமா, கொஞ்ச நாளு பிளெயின் நெய்யுங்க. உனக்கும் முதுகு வலிக்குதுன்னு சொல்லிகினு இருந்தியே" என்றான் அண்ணன். பிளெயின் புடவைக்கு இரண்டு பேர் வேண்டாம். இத்தனை வருஷம் ஒரே தறியில் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்த நானும் என் கணவரும் ஆளுக்கொரு தறிக்குப் போனோம். பிறகு ஒரு நாள் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பார்க்கிறேன், கோர்வை ஓடிக்கொண்டிருக்கிறது, அண்ணன் கொடுத்த பாவு. மாம்பழ மஞ்சளும் அரக்கும், எங்களுக்கென்றே அவன் எடுத்து வைக்கிற நிறம். கேட்டேன். "அவங்க ரொம்ப நாளா கேட்டுகினு இருந்தாங்க" என்றான்.

அடுத்து வீட்டில் கிண்டல் நின்றது. நான் சாவியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவள்தான், கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். "மகாராணி தேடறாங்க, எல்லாரும் வழிவுடுங்க" என்று என் கணவர் கத்துவார். இப்போது நான் தேட ஆரம்பித்தால் பேசாமல் எழுந்து வந்து அவரும் தேடினார். குழம்பில் உப்பு போட மறந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். நான் சமையல்கட்டை விட்டு வெளியே வந்ததும் உள்ளே போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். வயதாக வயதாக மனுஷனுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன். அப்பாவின் மோரில் ஏமாந்த அதே புத்திதானே.

இதெல்லாம் போகட்டும். என் மகளுக்கு அவர்கள் செய்ததை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அண்ணனுக்கு ஒரே மகன். என் மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, துணியில் சுற்றிய குழந்தையைக் கையில் வாங்கி, "என் மருமக வந்துட்டா" என்றவன் அண்ணன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சொல் சும்மா சொல் இல்லை. அவள் பெரியவளானபோது அவனே தென்னங்கீற்றைத் தோளில் சுமந்து வந்து குடிசை கட்டினான். அண்ணன் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், என் மகள் இங்கே ஓர் அரிசி மண்டி ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். அவன் பெயரைச் சொன்னால் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள், காது மட்டும் சிவக்கும். நிச்சயம் எப்போது என்பதுதான் பாக்கி என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அண்ணனும் அண்ணியும் வெற்றிலை பாக்கு இல்லாமல் வந்தார்கள். ஜோசியரிடம் போனார்களாம். ஜாதகம் சுத்தமாகப் பொருந்தவில்லையாம், கட்டினால் பையன் உயிருக்கே ஆபத்தாம். "நம்ப கையில இன்னாம்மா கீது, எல்லாம் மேல கீறவன் செயல்" என்றாள் அண்ணி. என் மகள் அவர்களுக்குக் கொண்டுவந்த தண்ணீர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடுத்த மாதமே பையனுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பெண் பார்த்தார்கள், கல்யாணமும் முடிந்தது. தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்தில் என் மகள் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் கறுப்பா இருக்கறதனாலயாம்மா?"

ஜாதகம்டி, ஜாதகம் என்று சொன்னேன். அந்த ஜோசியரை வாயில் வந்தபடி திட்டினேன். பாவம், அந்த மனுஷனை யாருமே போய்ப் பார்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

உண்மை தெரிந்தது போனில்தான். நெய்து முடித்த புடவையைக் கொடுக்க அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். அண்ணன் பக்கத்துக் கடையில் யாரையோ பார்க்கப் போயிருந்தான், போன் மெத்தை மேலேயே கிடந்தது. அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பட்டு வியாபாரியாக இருக்கும் என்று எடுத்தேன். ஒரு சின்னப் பெண்ணின் குரல், கன்னடம் கலந்த தமிழ். பெங்களூர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். அவர் இல்லை என்றேன்.

"நீங்க அவங்க மிசஸா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"நல்லதுங்க, நீங்களே சொல்லுங்க. அவர் தங்கச்சி எப்படி இருக்காங்க? அறிகுறி ஏதாவது தெரியுதா?"

மெத்தையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சமையலில் மறதி உண்டா, தெரிந்த இடத்தில் வழி தப்புகிறார்களா, சொன்னதையே திரும்பச் சொல்கிறார்களா, காரணமில்லாமல் கோபம் வருகிறதா? நான் அண்ணியாக இருந்து பதில் சொன்னேன். "நல்லாத்தான் கீறாங்க. சாவி தேடுவாங்க, அது முன்னயும் தேடுவாங்க. கோவம் வரும், அது பொறவியிலயே." அவள் சிரித்தாள். நல்ல பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரிசல்ட் அவங்களுக்குத் தெரிய வேணாம்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருந்தாரு. இன்னும் அப்படியேதானா? ரெண்டாவது ஸ்கேனுக்கு நேரம் ஆச்சு, அவங்கள என்ன சொல்லிக் கூட்டிட்டு வருவீங்க?" என்று கேட்டாள்.

"அவங்களே வருவாங்க" என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு நடந்தேன். என் கணவர் தறியில் இருந்தார். நான் எதிரே போய் நின்றதும் நாடாவை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, அதிலேயே எனக்கும் புரிந்துவிட்டது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"உங்கண்ணன் சத்தியம் வாங்கினாருமே. நீ தாங்கமாட்டன்னாரு."

"படவேட்டுல பொங்கல் வச்சமே. அதுக்கு முன்னயா, பொறகா?"

அவர் பாவில் அறுந்த இழை ஒன்றைத் தேடி முடிந்தார். நான் நகரவில்லை. கடைசியில் "முன்ன" என்றார்.

அடுப்புக்கு முன் குனிந்து புகையில் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா தாயே காப்பாற்றினாயே என்று வாய்விட்டுச் சொன்னபோது, என்னைச் சுற்றி நின்றவர்களில் என் மகளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நோய் இருக்கிறது என்பதைக்கூட நான் தாங்கினேன். அந்தப் பொங்கலைத்தான் தாங்க முடியவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைப் பிரசாதத்தோடு செய்தார்கள்.

மகளிடம் அன்றைக்கே சொன்னேன். மறைக்கிற புத்தி அண்ணனோடு நிற்கட்டும் என்றெல்லாம் பெரிதாக நினைக்கவில்லை. கல்யாணம் நின்றதற்குக் காரணம் ஜாதகமும் இல்லை, கறுப்பும் இல்லை என்று அவளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப என் மேல தப்பு இல்ல" என்றாள். பிறகுதான் எனக்காக அழுதாள். அந்த வரிசையில் அவள் அழுததை நான் குறை சொல்லவில்லை.

இருவரும் பெங்களூருக்குப் போனோம். போனில் பேசிய பெண்தான் உட்கார வைத்துப் பேசினாள். நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "உங்க கிட்ட நேர்ல கேட்காம சொல்லியிருக்கவே கூடாதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டர் என் ஸ்கேனைத் திரையில் காட்டினார். என் தலையைக் குறுக்காக வெட்டின மாதிரி ஒரு படம், முன்பக்கமும் ஓரங்களிலும் சிவப்பும் மஞ்சளும் ஏறிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சுத்தமான மூளையின் படம், அது என் அண்ணனுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நனைத்த புடவையில் கரைச்சாயம் உடலுக்குள் இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்னுடையது. இறங்கின சாயத்தை எடுக்க முடியாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

டாக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். இது இன்னும் நோயில்லை, நோய்க்கு முந்தின கட்டம், சில வருஷம் இருக்கலாம், சரியாகச் சொல்ல முடியாது என்றார். நான் அப்பாவின் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு ஒன்று சொன்னார். இடையில் ஒரு மருந்து ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அறிகுறி வருவதற்கு முன்னாலேயே ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அது பலன் தந்திருக்கும் என்று சொல்ல முடியாது. "ஆனா உங்களைக் கேட்டிருப்போம்" என்றார். அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான்.

மகளுக்கும் பரிசோதனை செய்யலாம், அவள் இஷ்டம் என்றார்கள். "இப்ப வேணாம். தோணும்போது நானே வரேன்" என்றாள். எதற்கும் நம்பர் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றபோது தன்னுடைய நம்பரைச் சொன்னாள். நானும் முதல் முறையாக என்னுடைய நம்பரைச் சொன்னேன். அது எனக்கு மனப்பாடமாக இல்லை, மகள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்த மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கத்தக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"நீ இருக்கற வரிக்கும் சந்தோஷமா இருக்கணும்னுதாம்மா" என்றான். "அப்பாவப் பாத்தமே. அத நெனச்சுகினே நீ ஒவ்வொரு நாளும் சாவணுமா? நான் ஒருத்தன் சொமந்துக்கறேன்னு நெனச்சேன்."

அதைக் கொஞ்சம் நம்பினேன். இப்போதும் கொஞ்சம் நம்புகிறேன். அதனால்தான் அடுத்ததைக் கேட்டேன். "என் பொண்ண வேணாம்னியே, அதுவும் என் சந்தோஷத்துக்கா?"

அவன் வாசலைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். "எனக்கு ஒரே புள்ளமா" என்றான்.

அதற்கு மேல் என்ன இருக்கிறது? எனக்கும் ஒரே மகள்தான். அவன் என் தலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அவன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். சந்தோஷமாக இரு என்று என்னை நெருப்பு பிடித்த வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டுப் போனான். இதை அவனிடமும் சொன்னேன். கத்தக் கூடாது என்ற முடிவு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அண்ணி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அவள் கெட்டவள் இல்லை. என் பிரசவத்துக்கு மாதக்கணக்கில் என் துணியைத் துவைத்தவள். "வுடும்மா" என்றாள். "இதையே மனசுல வச்சுகினு ஏன் பேஜாராவுற? இன்னும் கொஞ்ச நாளு போனா இதெல்லாம் உனக்கே ஞாபகத்துல இருக்காது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தடவிய கை முதுகிலேயே நின்றது. அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டான். நான் காபியைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. வேறு ஒருவரிடம் பாவு வாங்குகிறோம். என் கணவர் பல நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் நான் சாவி தேடியபோது தயங்கித் தயங்கி, "மகாராணி தேடறாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கோர்வைத் தறியில் மறுபடி பக்கத்தில் உட்கார விட்டேன். முழுதாக மன்னிக்கவில்லை, அவருக்கும் தெரியும். அண்ணன் தெருவில் எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நாலு பேர் வந்து சமாதானம் பேசினார்கள். கூடப் பிறந்தவன், ரத்தம், நாளைக்கே உனக்கு ஒன்றென்றால் அவன்தான் வரணும் என்றார்கள். வரட்டும். அப்போது எனக்கு அவனை யாரென்று தெரியாது, சௌகரியமாகப் போயிற்று.

போன வாரம் காலையில் மகள் மண்டிக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே, "ஒண்ணு சொல்றேன், ஞாபகம் வச்சுக்க" என்றேன்.

"உன் ஞாபகத்துலயா, என் ஞாபகத்துலயா?" என்றாள். வீட்டில் அவள் மட்டும்தான் இதை வைத்துக் கிண்டல் செய்வாள்.

"உன்னுதுலதான். நான் என்னிக்காவது உங்க மாமா வூட்டுக்குள்ள நேரா போயி, சிரிச்சுகினு உக்காந்து, அண்ணி காபி குடுங்கன்னு கேட்டன்னு வையி. தெருவுல எல்லாரும் நல்லா சொல்லுவாங்க, எறங்கி வந்துட்டா, பெரிய மனசுன்னு. நீ நம்பாத. அன்னிக்கு பெங்களூருக்கு போன் பண்ணிடு."

அவள் சீப்பை முடியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். தாத்தா மோர் குடித்த கதை அவளுக்கும் தெரியும். சீப்பை இழுத்து எடுத்தபடி, "அப்ப நான் வந்து உன்ன எழுப்பிக் கூட்டினு வந்துடட்டுமா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். அண்ணி காபி நன்றாகப் போடுவாள். பால் கெட்டியாக இருக்கும், எனக்கென்றால் சர்க்கரை ஒரு கை தூக்கலாகவே போடுவாள்.

"வேணாம்" என்றேன். "குடிச்சிட்டு வரட்டும்னு வுட்டுடு."